டிஜிலாக்கரில் காட்டிய ஓட்டுநர் உரிமத்தை ஏற்காமல் விதித்த அபராதத்தை எதிர்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். சென்ற வாரம் சென்னையில் இருசக்கர வாகனத்தில் சென்ற என்னை நிறுத்திய காவலர், உரிமத்தின் அசல் அட்டை கையில் இல்லை என்பதற்காக, அரசின் மின்னணு ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் நான் காட்டியதைப் பார்க்காமலேயே 500 ரூபாய்க்கு மின்-சலான் பதிவு செய்துவிட்டார். தொகை சிறியதுதான், ஆனால் செய்யாத தவற்றுக்குப் பணம் கட்ட மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள், கட்டிவிட்டால் பிறகு எதிர்ப்பது கடினம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதி, 2018இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு முதலிய ஆவணங்களை அச்சு வடிவிலோ மின்னணு வடிவிலோ காட்டுவதற்கு இடமளிக்கிறது. ஆனால் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பது இதற்கு ஈடாகாது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஆவணம் டிஜிலாக்கரிலோ, அரசின் வாகன ஆவணச் செயலியான எம்பரிவாகனிலோ இருக்க வேண்டும்.

மறுமொழி 2:
சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இத்தகைய அபராத வழக்குகளை இணையவழியே கையாளும் நீதிமன்றம்) அனுப்பப்பட்டிருந்தால், அதன் இணையதளத்தில் சலான் எண்ணையோ வாகன எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். அபராதம் கட்டுவதற்கும் வழக்கை எதிர்ப்பதற்கும் தனித்தனி வழிகள் உண்டு. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு உரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். நேரில் செல்ல நேரிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் பக்கம் நியாயம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்த அலைச்சல் வீண் அல்ல.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. உரிமம் அன்று செல்லுபடியாக இருந்ததைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டேன். எதிர்க்கவே முடிவு செய்துள்ளேன்.