கையில் வெளிறிய திட்டு, அரிப்பு இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

வைகைக்கரை (கேள்வி)

அப்பாவுக்கு வயது 58. இடது முழங்கைக்குச் சற்று மேலே பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளிறியிருக்கிறது. நிறம் மங்கல்தான், பால் வெள்ளை இல்லை. அரிப்பு, வலி, செதில் எதுவும் கிடையாது. சில மாதங்களாக அப்படியே இருக்கிறது. மருந்துக் கடையில் "தேமல்தான்" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டுப் பார்க்கலாமா, நேராக டாக்டரிடமே போய்விடலாமா?

தோல் பிரிவு செவிலி

டியூபைத் திறக்க வேண்டாம் சகோ. அரிக்காமல், செதில் உதிராமல், மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் வெளிறிய திட்டில் முதலில் பார்க்க வேண்டியது தொடு உணர்ச்சி.

கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியைத் திரியாக முறுக்குங்கள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல தோலில் ஒருமுறை தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்ததும் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் திட்டின் நடுவிலும் வரிசை மாற்றி மாற்றித் தொடுங்கள். தொட்டு எடுத்தால் போதும், இழுக்கக் கூடாது. இழுத்தால் பக்கத்துத் தோல் உணர்ந்துவிடும். "தெரியுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள், குரலை வைத்தே ஆமாம் என்று சொல்லிவிடுவார். ஊசியும் சுடுதண்ணீரும் வேண்டவே வேண்டாம். மரத்த இடத்தில் காயம் பட்டால் அவருக்கே தெரியாது.

திட்டில் மட்டும் தொடுவது தெரியாவிட்டால் தொழுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். உணர்ச்சி இருந்தாலும் காட்டுங்கள், ஆரம்பத்தில் உணர்ச்சி கெடாமலும் இருக்கும். கிருமி புகுந்து அறிகுறி தெரியவே சராசரியாக 5 ஆண்டு ஆகும். அதனால் "நம் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று தள்ளிப்போட முடியாது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனாலோ மடங்க ஆரம்பித்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மருந்து கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் கெட்டுப்போன நரம்பை முழுதாக மீட்டுத் தராது.

மருந்தாளுநர்

அந்த டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடு சேர்த்தே இதை விற்கிறார்கள். சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், வெளிறவும் செய்யும். டாக்டர் பார்க்கும்போது அசல் அடையாளம் கலைந்திருக்கும்.

நிஜமான தேமல் பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, கழுத்தில்தான் வரும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி உதிரும். கீட்டோகோனசோல் 2% ஷாம்புவைத் தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தினம் ஒருமுறை, 5 நாள். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். இது தெரியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று கடை கடையாக மாறுகிறார்கள். செதில் நின்றுவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பால் வெள்ளையாக, செதில் இல்லாமல், உணர்ச்சி சரியாக இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். அது தொற்றாது. குழந்தைகளுக்குக் கன்னத்தில் வரும் வறண்ட மங்கல் திட்டுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பது வீண். ஈரப்பதம் காக்கும் கிரீம் போதும்.

காய்ச்சல் வார்டு

தலைப்புக்குச் சற்று விலகினாலும் சொல்லியாக வேண்டும். சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் அது தோலுக்கு அடியில் கசிந்த இரத்தம். கூடவே காய்ச்சலும் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது.

புது மாத்திரை தொடங்கிய பிறகு புள்ளிகளோடு கொப்புளம், வாய்ப்புண், கண் எரிச்சல் வந்தாலும் அவசரம்தான். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வைகைக்கரை

பஞ்சு வைத்துப் பார்த்தோம். நல்ல தோலில் சரியாகக் காட்டினார். திட்டின் நடுவில் தொட்டதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. டியூப் குளோபெட்டசால் கலந்ததுதான். இவருக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை வைக்க வேண்டுமா?

தோல் பிரிவு செவிலி

வேண்டாம், தொட்டுப் பழகுவதால் தொற்றாது. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போங்கள். தொழுநோய் என்று உறுதியானால் கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கும். 5 திட்டுகள் வரை என்றால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். நரம்பையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதிப்பார்கள், தேவையானவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ரிஃபாம்பிசின் மாத்திரை ஒரு வேளை தருவார்கள்.

கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும், அதோடு குளோஃபசிமின் என்ற மருந்தும் தந்தால் தோல் கறுக்கும். இரண்டும் மருந்து முடிந்தபின் மாறும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். நடுவில் திட்டு திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, முழங்கை நரம்பு வலித்தாலோ, மாத்திரையைத் தொடர்ந்தபடியே அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.