ஏழு மாத வயிறு, கையில் விசாரணை நோட்டீஸ்

அக்காமார்களே, தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு இது ஏழாம் மாதம். ஒரு கடையில் கல்லாவில் வேலை. கிளினிக் போன மூன்று நாளும் தாமதமாக வந்தேன் என்று போன வெள்ளிக்கிழமை விசாரணை நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. உள்ளே பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. ரசம் சோறுகூட இறங்கவில்லை.

சட்டம் கொஞ்சம் தெரியும். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்கினால், 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி அது நியாயமற்ற நீக்கம். 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ. என்ற தொழில் தகராறு சமரச ஆணையத்திடம் போகலாம். ஆனால் இவர்கள் எழுதியிருப்பது 'தாமதம்' என்றுதானே! கிளினிக் அட்டையில் தேதியும் முத்திரையும் இருக்கின்றன, அது போதுமா? துணைக்கு உடன் வேலை செய்பவரை அழைத்துப் போகலாம். வரச் சம்மதித்தவளுக்கோ என்னைவிடப் பயம்.

விசாரணை வரும் வியாழன். இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அழாமல் பேசுவது எப்படி? தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவருக்கு ரத்தக் கொதிப்பு.