பிரசிலியாவில் இரண்டு நாள்: முகவரியே புரியவில்லை

ஊர்சுற்றி:
சாவோ பாவுலோவிலிருந்து சனி, ஞாயிறு பிரேசிலின் தலைநகர் பிரசிலியா போகிறேன். தங்குமிடத்தின் முகவரியில் தெருப்பெயரே காணோம், "எஸ்.க்யூ.எஸ். 308, ப்ளோகோ சி" என்று மட்டும் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

வரைபடப்பித்தன்:
எஸ்.க்யூ. என்றால் 'சூப்பர்குவாட்ரா', பெரிய குடியிருப்புத் தொகுதி; 'ப்ளோகோ சி' அதிலுள்ள சி கட்டடம். முதலில் எழுத்தைப் பாருங்கள். நகரமைப்பாளர் லூசியோ கோஸ்டாவின் 1957 திட்டப்படி ஊர் ஒரு விமான வடிவம். கடைசி எழுத்து எஸ் என்றால் தெற்கு இறக்கை, என் என்றால் வடக்கு. இதில் ஏமாந்தால் அதே 308-ஐத் தேடிப் பல கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். அடுத்து முதல் இலக்கம்: ஒற்றைப்படை என்றால் நடுவே ஓடும் 'ஏய்ஷாவ்' நெடுஞ்சாலைக்கு மேற்கே, இரட்டைப்படை என்றால் கிழக்கே, ஏரிப் பக்கம். மேற்கே 100 வரிசை சாலையை ஒட்டி, அதற்கு அப்பால் 300. கடைசி இரண்டு இலக்கம் ஊர் மையத்திலிருந்து எத்தனையாவது தொகுதி என்பது. 01 முதல் 16 வரை. ஆக, உங்களுடையது தெற்கே எட்டாவது, மேற்கே இரண்டாம் வரிசை. 'சி.எல்.எஸ்.' என்று பார்த்தால் அது அந்தப் பகுதியின் கடைத்தெரு. சாப்பாடு அங்கேதான்.

நடைராசா:
308-க்குக் கார் வேண்டாம். 'சென்ட்ரல்' நிலையத்தில் மெட்ரோ ஏறி '108 சுல்'லில் ('சுல்' என்றால் தெற்கு) இறங்கி மேற்கே நடங்கள். (வட இறக்கையில் மெட்ரோவே கிடையாது.) நீண்டதூரப் பேருந்தில் வந்தால் குழம்பாதீர்கள்: அது நிற்பது 'ஷாப்பிங்' மெட்ரோ அருகே உள்ள தனி நிலையத்தில். ஊர் நடுவே இருப்பது நகரப் பேருந்துகளுக்கு.

மற்ற சாலைகளில் நடப்பவர்கள் கடக்கும் வரிக்கோட்டில் கையை நீட்டினால் வண்டிகள் நிற்கும். ஏய்ஷாவில் அந்த வேலை ஆகாது, சுரங்கப்பாதைதான். ஆனால் ஞாயிறு காலை 6 முதல் மாலை 6 வரை அதில் கார்களுக்குத் தடை. அன்று சாலை முழுக்க உங்களுடையது.

ஊர்சுற்றி:
நன்றி! நாடாளுமன்றம் வரை நடக்கலாமா?

வரைபடப்பித்தன்:
நடுப் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 2 கி.மீ.; பேராலயம் வழியிலேயே வரும். தூரம் பெரிதல்ல, நிழல்தான் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும், தண்ணீர் அவசியம். மாலையில் டோம் போஸ்கோ ஆலயத்தின் நீலக் கண்ணாடியைத் தவறவிடாதீர்கள். தங்குமிடத்தின் பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் நீமையரின் 'இக்ரெஜின்யா', 1958-ல் கட்டிய குட்டித் தேவாலயம்.

நடைராசா:
ஒன்று விட்டுப்போச்சு. பிரசிலியாவில் மின்சாரம் 220 வோல்ட். சாவோ பாவுலோ நகரில் 127. அங்கே வாங்கிய தலைமுடி உலர்த்தியை இங்கே செருகினால் புகைதான். போன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை.