புதுப்பிப்பு: ஹேக்லி நல்கை (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தது

அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்சிஏவின் எல்சிடி (திரவப் படிக) திரை வரலாற்றை எழுத மூல ஆவணங்களைப் பார்க்க வேண்டும், பயணச் செலவுக்கு யார் உதவுவார்கள் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "பெரிய நல்கைக்கு நேரே போகாதீங்க, முதல்ல சின்னதுக்குப் போடுங்க" என்று அக்கா ஒருவர் சொன்ன யோசனைதான். டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் உள்ள ஹேக்லி நூலகம், தன் தொகுப்புகள் நம் ஆய்வுக்கு உதவுமா என்று நேரில் பார்த்து அறிய ஒரு வார நல்கை தருகிறது. உதவும் என்று தெரிந்தால், எட்டு வாரம் வரைக்குமான ஹென்றி பெலின் டூபான்ட் நல்கைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரு வார நல்கைக்கான விண்ணப்பத்தில் பொதுவாக எழுதாமல், ஹேக்லியில் ஆர்சிஏ ஆவணங்கள் உள்ள டேவிட் சார்னாஃப் நூலகத் தொகுப்பில் எந்தப் பகுதி வேண்டும், ஏன் வேண்டும் என்று குறிப்பிட்டேன். என் கேள்வி இதுதான்: 1968இல் திரவப் படிகத் திரையை உலகுக்கு அறிவித்த ஆர்சிஏ அதை ஏன் கைவிட்டது? ஜப்பானின் ஷார்ப் 1973இல் அதே நுட்பத்தில் கால்குலேட்டரே விற்றுவிட்டதே!

எதிர்பாராதது ஒன்று. ஆய்வகக் குறிப்பேடுகளைத்தான் பெரிதும் நம்பிப் போனேன். அவற்றைவிட நிர்வாகக் கடிதங்களே எனக்கு அதிகம் பேசின. தொழில்நுட்ப வரலாறு எழுதுபவர்கள் அவற்றையும் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பெலின் நல்கைக்கும் இப்போது விண்ணப்பித்துவிட்டேன்.