பழைய காரில் முன் சஸ்பென்ஷனும் ஸ்வே பாரும் மாற்றிய அனுபவங்கள்

என்னிடம் 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது. கைக்கு வந்த நாளிலிருந்தே வளைவில் படகு மாதிரி சாயும். நேர் சாலையில் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு ஆட்டினாலும் வண்டிக்குத் தெரியாது. சாய்கிறது என்றால் ஸ்வே பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். முன்னால் 1 அங்குலத் தடிமனில் ஒரு பார், பின்னால் இதுவரை எதுவுமே இல்லாத இடத்தில் இன்னொரு பார், இரண்டையும் ஒரே சனி, ஞாயிறில் மாட்டினேன். நான் செய்த தப்பு இந்த வரிசைதான். இன்னொருவர் அதே வரிசையில் போகக் கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாய்வு நன்றாகக் குறைந்திருந்தது. மூன்றாவது வாரம் மழை. இறக்கத்தில் ஒரு வளைவு, வேகமும் அதிகமில்லை. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் அப்படியே வழுக்கி வெளியே போனது. எதிரே வண்டி வராததால் தப்பித்தோம். பக்கத்து சீட்டில் என் மகள். வீடு வந்து சேரும்வரை அவள் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. அன்று இரவே பின் பாரின் முனைகளை இணைக்கும் லிங்க் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டேன்.

ஸ்வே பார் என்பது இடது, வலது சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு (விட்டத்தை நான்கு முறை பெருக்குவது) ஏற்ப ஏறும். 7/8 அங்குலப் பாரை எடுத்துவிட்டு 1 அங்குலம் போட்டால் கூடுவது 1/8 அங்குலம்தான் என்று தோன்றும். விறைப்போ சுமார் 70 சதவீதம் கூடிவிடும். முன், பின் இரண்டில் எந்தப் பக்கத்தை அதிகம் விறைப்பாக்குகிறோமோ, வளைவில் அந்தப் பக்கத்தின் வெளிச் சக்கரம் கூடுதல் சுமை வாங்கி முதலில் பிடியை இழக்கும். முன்பக்கம் விறைத்தால் வண்டி வளைய மறுத்து நேராகப் போகப் பார்க்கும், பின்பக்கம் விறைத்தால் வால் வெளியே வரும். அதோடு, இரண்டு சக்கரமும் கட்டப்பட்டிருப்பதால் ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி மறு பக்கத்துக்கும் போகும்.

சரி, பிறகு முன்பக்கத்தை முழுசாகப் பிரித்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டிரட் ராடின் (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) முன் ரப்பரை விரலால் அழுத்தினேன், காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. கீழ் ஆர்மின் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கை) புஷ்ஷில், அதாவது மூட்டு உறையில், ரப்பர் ஒரு பக்கமாக ஒதுங்கி, போல்ட் நடுவில் இல்லை. கீழ் பால் ஜாயின்ட்டை (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) கடப்பாரையால் நெம்பினால் கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம். மேல் ஆர்மின் தண்டு கிரீஸ் பார்த்து எத்தனை காலம் ஆனதோ, கையால் தூக்கினாலே கீச்சிட்டது. சக்கரத்தைப் பிடித்து வைக்க வேண்டிய நான்கு இடமும் தளர்ந்து கிடக்க, நான் பார் மாட்டிச் சாய்வை மட்டும் மறைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் கழற்றும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது, ஷாக் டவர் என்ற தகட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே உள்ள கம்ப்ரஸரை டவரின் மேலிருந்து இறக்கித்தான் அமுக்க வேண்டும். வெளியிலிருந்து கொக்கி போடும் பொதுவான கருவியை நம்பாதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே முகத்தை வைக்கவே வைக்காதீர்கள். நான் நட்டைத் திருகியபோது ஒவ்வொரு கால் சுற்றுக்கும் நிறுத்திக் கொக்கி நகர்கிறதா என்று பார்த்தேன். அரை நாள் போனது. போகட்டும்.

பிரித்ததோடு ஷெல்பி டிராப்பும் செய்துவிட்டேன். மேல் ஆர்மை டவரில் பிடிக்கும் இரண்டு போல்ட் துளைகளையும் 1 அங்குலம் கீழே புதிதாகத் துளைப்பதுதான் அது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த அமைப்பு; 1965-ல் மஸ்டாங்கை வைத்துச் செய்த ஷெல்பி ஜிடி350 இப்படித்தான் வந்தது. செலவு இரண்டு துளை. பலனோ பெரிது: உடல் சாயும்போது வெளிச் சக்கரத்தின் மேல் விளிம்பு வெளியே சரியாமல் உள்பக்கம் வருகிறது, டயர் தரையில் பட்டையாகப் பதிகிறது. பார் சாய்வைத் தடுக்கும். இது சாய்ந்தாலும் பிடி விடாமல் வைக்கிறது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். துளைக்குமுன் அளவை மூன்று முறை பாருங்கள், வண்டி கொஞ்சம் தாழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பொருத்தும்போது இன்னொரு தவறு செய்தேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழ் ஆர்மின் போல்ட்டை டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கிவிட்டேன். இறக்கி வைத்தால் முன்பக்கம் தூக்கி நிற்கிறது. ஸ்பிரிங் தப்பு என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். ரப்பர் புஷ் சுழலாது, முறுகும். உள் உருளை போல்ட்டோடு இறுகிவிடும், நடுவில் ரப்பர்தான் திருகும். தொங்கும் நிலையில் இறுக்கினால் தரையில் நிற்கும்போதே அது முறுகிய நிலையில் இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, நான்கு சக்கரத்திலும் பாரம் இருக்கும்படி நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தினேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். வண்டி அரை அங்குலம் இறங்கி உட்கார்ந்தது. அங்கேயே வைத்து மறுபடி இறுக்கினேன்.

கடைசியாக அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. பழைய சர்வீஸ் புத்தகத்தில் இருப்பது அந்தக் காலத்து பயாஸ் டயருக்கான (இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை) எண்கள். இப்போதைய ரேடியல் டயருக்கு நான் வைத்தது: கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) மைனஸ் அரை டிகிரி, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) பிளஸ் இரண்டரை, டோ (முன் சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) உள்நோக்கி 3 மி.மீ. வளைந்து முடித்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பிய அந்த முதல் தடவை, வண்டியை ஓரம் நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது முன்னால் அதே 1 அங்குல பார் இருக்கிறது. பின் பார் அலமாரியில்தான்.

* * *

அண்ணா, உங்கள் பதிவில் ரப்பர் பற்றிய பகுதியை அப்படியே ஆமோதிக்கிறேன். என்னுடையது 1975 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் கார்). ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள், என் வண்டியில் முன் பாரே கிடையாது. 1977 மாடலில்தான் முன்னும் பின்னும் பார் வந்தது. அதனால் எனக்கு பார் உண்மையிலேயே தேவைப்பட்டது.

நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. எல்லா புஷ்ஷையும் ஒரேயடியாகப் பாலியூரித்தேனுக்கு (ரப்பரைவிட விறைப்பான பிளாஸ்டிக்) மாற்றினேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி உடனே சொன்னபடி கேட்கிறது, உண்மைதான். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்தது. ஆறு மாதத்தில் கீச்சுச் சத்தமும் தொடங்கியது. பிரித்துச் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் மறுபடி. கடைசியில் கீழ் விஷ்போனுக்கு (கீழ் ஆர்ம்) எம்ஜிபி ஜிடி வி8-இல் வந்த வகை, உலோக உருளையோடு ஒட்டிய ரப்பர் புஷ் போட்டேன். பாலியூரித்தேன் இப்போது பாரின் தாங்கியில் மட்டும். அந்த இடத்தில் அது அருமையாக வேலை செய்கிறது.

எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: முன்னால் உள்ள லீவர் ஷாக்கின் (நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்) கையேதான் மேல் ஆர்ம். அதில் எண்ணெய் கசிந்தால் எந்த பாரும் வண்டியை நிலைநிறுத்தாது. முதலில் அதைப் பாருங்கள். மஸ்டாங் அண்ணாவிடம் ஒரு கேள்வி: ஸ்டிரட் ராடில் நீங்கள் எதைப் போட்டீர்கள்?

* * *

என் வண்டி 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டில். மேலே மஸ்டாங் அண்ணா முதலில் பார் மாட்டியது தப்பு என்றார்; என் அனுபவம் நேர் எதிர். இதில் எஞ்சின் பின்னால், பின் சக்கரம் ஸ்விங் ஆக்ஸிலில் (உள் முனையில் மட்டும் மூட்டுள்ள அச்சு, சக்கரமும் அதோடு சேர்ந்து சாயும்). வளைவில் திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் மேலெழும்பி, சக்கரம் உள்ளே மடங்கும். எனவே பின்னால் சாதாரண ஸ்வே பார் போடுவது ஆபத்தைக் கூட்டும். முன்னால் தடித்த பார் போடுவதுதான் சரி. முன்பக்கம் கொஞ்சம் முன்னதாகவே பிடி விட்டால் பின்பக்கம் அடங்கியிருக்கும். 1960 மாடலிலிருந்து முன் பார் தொழிற்சாலையிலேயே வந்தது. நான் அதைவிடத் தடித்ததைப் போட்டேன். வேலை சின்னது. ஆனால் கீழ் ஆர்மோடு பிடிக்கும் தகட்டுக் கிளிப்புகள் உயிரை வாங்கும். ரப்பரைப் பிடிப்பானால் நன்றாக அமுக்கி, தகட்டைத் தள்ளி, நாக்கை மடித்துவிட்டீர்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். எனக்கு ஒன்று பாதி வழியில் கழன்று, பார் கடகடவென்று ஆடியபடி வீடு வந்தேன்.

* * *

எம்ஜிபி தங்கச்சிக்கு: ஸ்டிரட் ராடில் ரப்பர்தான் போட்டேன், யோசித்துத்தான் போட்டேன். கீழ் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அந்த ராடும் கோணம் மாற வேண்டும். பாலியூரித்தேன் அதற்கு இடம் கொடுக்காது. ராடு வளைந்து வளைந்து, நூல் வெட்டிய இடத்தில் ஒடிந்த கதைகள் உண்டு. பிரேக் போடும்போது அது ஒடிந்தால் சக்கரம் பின்னால் போய்விடும். விறைப்பு வேண்டும் என்றால் உருண்டை மூட்டு வைத்த ராடு போடலாம்.

பீட்டில் தம்பி, உங்கள் பதிவு எனக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். பார் வாங்குமுன் எஞ்சின் எந்தப் பக்கம், பின் ஆக்ஸில் என்ன வகை என்று நான் யோசித்ததே இல்லை.

சொல்ல விட்டுப்போனது இன்னொன்று: பாரின் லிங்க் நட்டை ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை மட்டும் இறுக்குங்கள், நசுங்கும்வரை வேண்டாம். அதையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யுங்கள். எனக்கு முதல் 500 கிலோமீட்டரில் இடது பக்கம் அரைச் சுற்று தளர்ந்திருந்தது.