40 சென்ட் தோட்டத்து வீட்டுல நாய்க்கு எலக்ட்ரானிக் வேலி: என்ன வயர், எப்படிப் புதைக்கிறது, சிப்பிப்பாறைக்கு நிக்குமா?

தென்னந்தோப்பு (கேள்வி)

வணக்கங்க. கிணத்துக்கடவு பக்கம் 40 சென்ட் இடம், 110 அடிக்கு 160 அடி. மூணு பக்கம் கல்லுக்கால் நட்டு அஞ்சு வரிசை முள்கம்பி. முன்னால பஞ்சாயத்து ரோடு, ஸ்லைடிங் கேட். ரெண்டு சிப்பிப்பாறை இருக்கு, ஒரு கடுவன், ஒரு பெட்டை, ரெண்டு வயசு. கம்பிக்கு அடியில நுழைஞ்சு ரோட்டுக்குப் போயிடுதுங்க. காம்பவுண்டு கட்ட இப்போதைக்கு வழியில்ல. வயரைப் புதைச்சு, கழுத்துல ரிசீவர் பட்டை மாட்டுற வேலி போடலாம்னு இருக்கேன்; நாய் வயர்கிட்ட வந்தா பட்டை முதல்ல ஒலி குடுக்கும், தாண்டினா லேசா அதிர்ச்சி குடுக்கும்.

எவ்வளவு வயர் வேணும்? பெட்டியோட வர்றது ரொம்ப மெல்லிசா இருக்கு. மண்ணு கரிசல். மேற்கால வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் 12 அடிதான். போர் மோட்டார் கேபிள் தோட்டத்துக்குக் குறுக்க மண்ணுக்குள்ள போகுது. இதெல்லாம் இடிக்குமா?

வயர்மேன்

சுற்றளவு 540 அடி. கரிசல்ல வயரை விறைப்பா இழுத்துப் புதைக்காதீங்க. கோடையில மண்ணு வெடிச்சு விலகும்போது வயரையும் சேர்த்து இழுக்கும், முதல்ல பிரியறது ஜாயின்ட்தான். லேசா நெளிச்சு நெளிச்சு விடுங்க, அதுக்கு 10 சதவீதம் கூடச் சேருங்க. தோட்டத்தைச் சுத்தி வர்ற வயர் வளையத்துல இருந்து வீட்டுக்குள்ள டிரான்ஸ்மிட்டர் (சிக்னல் அனுப்புற மெஷின்) வரைக்கும் 40 அடின்னா, ரெண்டு வயர், முறுக்கு எல்லாம் சேர்த்து 100 அடி. ஆக மொத்தம் 700 அடி, ஏறக்குறைய 213 மீட்டர். 90 மீட்டர் காயில் மூணு எடுங்க, மிச்சம் பின்னால ஒட்டுப் போட ஆகும்.

பெட்டியில வர்றது பெரும்பாலும் 20 கேஜ், அரை சதுர மி.மீ. சிக்னலுக்கு அது போதும், மம்பட்டிக்கும் பெருச்சாளிக்கும் தாங்காது. 1.5 சதுர மி.மீ. செம்பு எடுங்க. பாலிஎத்திலீன் உறை கிடைச்சா அதுதான் முதல் தேர்வு. வீட்டு வயரிங்குக்கு விக்கிற பிவிசி வயர் ஈர மண்ணுல நேரடியாக் கிடக்கறதுக்காகச் செஞ்சது இல்ல. அதைத்தான் போடணும்னா, டிரிப்பர் இல்லாத பழைய 16 மி.மீ. லேட்டரலை (சொட்டுநீர்க் குழாயை) நீளவாக்குல கீறி அதுக்குள்ள செருகிப் புதைங்க. இரும்புக் குழாய் மட்டும் வேண்டாம், சிக்னல் வெளிய வராது. ஆழம் 2 முதல் 3 அங்குலம். தென்னை வட்டப்பாத்தி வெட்டுற இடத்துல 6 அங்குலம்.

டிரான்ஸ்மிட்டருக்குப் போற ரெண்டு வயரையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கணும், அடிக்கு 10 முதல் 12 முறுக்கு. எதிரெதிரா ஓடுற மின்னோட்டம் ரெண்டு காந்தப்புலத்தையும் அழிச்சுடும், அதனால அந்தத் தடத்துக்கு மேல நாய் தாராளமா நடக்கலாம். டிரில் மெஷின் சக்குல ரெண்டு முனையையும் மாட்டிச் சுத்தினா அஞ்சு நிமிஷ வேலை. இதே காரணத்தாலதான் வளையத்தோட போற வயரும் வர்ற வயரும் 5 அடிக்குள்ள பக்கத்துல பக்கத்துல ஓடக் கூடாது. ரோட்டுப் பக்கம் மட்டும் போட்டுத் திருப்பிக் கொண்டுவர நினைக்கிறவங்க மாட்டிக்கிறது இங்கதான்: பட்டை கத்தாது, மெஷின் மேல பழி போடுவாங்க.

மோட்டார் கேபிளை நேர்செங்குத்தா வெட்டிக் கடந்தா பிரச்சினை இல்ல. இணையா ஓடுற இடத்துல 10 அடி தள்ளிப் போங்க. மூலையில 90 டிகிரியில மடக்காம 3 அடி ஆரத்துக்கு வளைச்சு விடுங்க, இல்லேன்னா அந்த இடத்துல எல்லைக்கோடு ஒழுங்கா இருக்காது. முள்கம்பியில கட்டினாலும் வேலை செய்யும், ஆனா காத்துல உரசி உறை அறுந்துடும். 3 அடி உள்ள தள்ளிப் புதைங்க.

கேட்டுக்கு உள்பக்கம் சிமெண்ட் தளத்துல கட்டர் பிளேடால 6 மி.மீ. அகலம், ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி போட்டு, வயரை அமுக்கி சிலிகான் வெச்சு அடைங்க. தளத்துல ஏற்கெனவே விரிவு இடைவெளி இருந்தா வெட்டவே வேண்டாம். கேட் ஓடுற இரும்புத் தண்டவாளத்தை ஒட்டிப் போகாதீங்க.

12 அடி சந்துதான் உங்க பிளான்ல உண்மையான சிக்கல். எல்லை அகலத்தை (வயர்ல இருந்து பட்டைக்குச் சிக்னல் எட்டுற தூரத்தை) 6 அடி வெச்சா, 3 அடி உள்ள தள்ளின வயர்ல இருந்து இன்னும் 6 அடி, ஆக 9 அடி போயிடும். நாய் நடக்க 3 அடிதான் மிச்சம். அகலத்தை இன்னும் கூட்டினா சிக்னல் சுவரைத் தாண்டி உள்ள வரும், வீட்டுக்குள்ள படுத்திருக்கிற நாய்க்கு அடி விழும். அகலம் வளையம் முழுக்க ஒரே அளவுதான், ஒரு பக்கம் மட்டும் குறைக்க முடியாது. அந்தச் சந்தோட ரெண்டு வாயிலும் சின்னத் தட்டி கேட் போட்டு, நாயே அங்க போகாம அடைச்சுடுங்க.

ஜாயின்ட்டை டேப் சுத்தி விட்டா ஒரு மழைக்காலம் தாண்டாது. ஈயம் வெச்சு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போடுங்க, இல்ல ஜெல் நிரப்பின கனெக்டர். ஒவ்வொரு ஜாயின்ட்டும் எங்க இருக்குன்னு சுவர்ல இருந்து அளந்து ஒரு தாள்ல வரைஞ்சு வெச்சுக்கோங்க.

வேட்டைத்தடம்

வயர் போடுவது பாதி வேலைகூட இல்லை. முதலில் வேகக் கணக்கைப் பாருங்கள். சிப்பிப்பாறை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனாலே நொடிக்கு 11 மீட்டர். எச்சரிக்கை ஒலி வரும் பகுதி 6 அடி என்றால் அதைக் கடக்க ஆறில் ஒரு நொடி. முயலோ கீரியோ கண்ணில் பட்டால் ஒலி காதில் விழுந்து அது நிதானிப்பதற்குள் வெளியே நிற்கும். இதைவிடக் கெடுதல், வேட்கை அடங்கித் திரும்பி வரும்போது அதே வயர் அதை உள்ளே விடாமல் அடிக்கும். பார்த்து ஓடும் வேட்டை நாய்க்கு ரோட்டுப் பக்கம் இதை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கருத்து. முன்பக்க 110 அடிக்கு 6 அடி உயர டைமண்ட் வலை போட்டு, அடியில் 2 அடியை உள்பக்கமாக மடித்துத் தரையில் பதியுங்கள். மற்ற மூன்று பக்கத்துக்கு வயர் போதும். வளையத்தை மூடுவதற்காக முன்பக்கமும் வயர் ஓடத்தான் வேண்டும். வலையிலிருந்து 8 முதல் 10 அடி உள்ளே ஓட்டுங்கள். ரோட்டில் போகிறவரைப் பார்த்துக் குரைக்கும் நேரத்தில் அடி விழுந்தால், அந்த ஆள்தான் காரணம் என்று நாய் முடிவு கட்டும். ஆள்கடிக்கு அது ஆரம்பம்.

பழக்கும் முறை: பட்டையைக் கையில் பிடித்து நாயின் கழுத்து உயரத்தில் வைத்து நடந்து, ஒலி தொடங்கும் இடமெல்லாம் 10 அடிக்கு ஒரு கொடி நடுங்கள். முதல் நான்கைந்து நாள் அதிர்ச்சியை அணைத்து ஒலி மட்டும். கயிறு வேறொரு துணிப் பட்டையில்தான் இருக்க வேண்டும். ரிசீவர் பட்டையில் கயிறு மாட்டினால் இழுக்கும்போது அதிர்ச்சி தரும் உலோக முனைகள் தோலில் குத்தும். ஒலி வந்ததும் உள்பக்கம் திருப்பி ஓட்டி, வந்தவுடன் தீனி. ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம். பிறகு மிகக் குறைந்த அளவு அதிர்ச்சி. காது விடைத்தாலோ தலையைச் சட்டென்று திருப்பினாலோ போதும், கத்தினால் அளவு அதிகம். அடுத்து வெளியே ஆள், பந்து, ஆடு என்று ஆசை காட்டிப் பழக்குங்கள். அதன்பின் 30 அடி நீளக் கயிறு தரையில் இழுபட விட்டு, கடைசியாகக் கயிறில்லாமல் உங்கள் கண் பார்வையில். இரண்டு வாரத்துக்குக் குறையாது. இரண்டு நாயையும் சேர்த்துப் பழக்காதீர்கள். ஒன்று ஓடினால் மற்றது பின்னாலேயே ஓடும். கொடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல நாள் இடைவெளியில் எடுங்கள்.

குட்டை முடிச் சாதிக்கு நீள முனை தேவையில்லை, குட்டை முனையே தோலைத் தொடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ராத்திரி கழற்றிவிடுங்கள். முனை அழுத்தியே தோல் அழுகும். பலர் அதை மின்சாரத் தீக்காயம் என்று நினைக்கிறார்கள். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதில் ஈ முட்டை வைத்துப் புழு பிடிக்க நேரம் ஆகாது. தினமும் கழுத்தைத் தடவிப் பாருங்கள்.

வேல்ஸில் 2010 முதல் அதிர்ச்சி தரும் பட்டைகளுக்கே தடை, இந்த எல்லை வயர்ப் பட்டையும் அதில் அடக்கம். பயந்த சுபாவமுள்ள நாய்க்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் நான் சொல்லவே மாட்டேன்.

கரட்டுமேடு

எதுக்குங்க இவ்ளோ? காட்டுக்குப் போடுற சோலார் வேலி எனர்ஜைசர (கம்பியில மின்துடிப்பு விடுற மெஷினை) வாங்கி ரெண்டு கம்பி இழுத்துட்டா நாய் கிட்டயே போகாதே. ஜிபிஎஸ் பட்டைன்னா வயரே வேண்டாமாம்.

வயர்மேன்

@கரட்டுமேடு ஜிபிஎஸ் பல மீட்டர் தப்பும், தென்னை மட்டைக்கு அடியில இன்னும் மோசம். பல ஏக்கர் இருந்தா யோசிக்கலாம், 110 அடி அகலத்துக்கு ஆகாது.

எனர்ஜைசர் நாய்க்கு வேலை செய்யும், தரையில இருந்து 6 அங்குலத்துல ஒண்ணு, 15 அங்குலத்துல ஒண்ணு. ஆனா வாங்கறது ஐஎஸ் 302-2-76 என்கிற இந்தியத் தரத்துல இருக்கணும். நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல போகாது, அதுவும் மில்லிசெகண்ட் கணக்குல, அதனாலதான் உயிர் போறதில்ல. எனர்ஜைசர் இல்லாம 230 வோல்ட் லைனை நேரா கம்பியில விடறது கொலைக்குச் சமம், சட்டப்படியும் குற்றம். காப்புக்காட்டுக்குப் பக்கமா இருக்கிறவங்க தமிழ்நாடு மின்வேலி விதிகள் 2023 என்ன சொல்லுதுன்னு வனத்துறை ஆபீசுல கேட்டுட்டுப் போடுங்க. ரோட்டோரம் குழந்தைங்க கை வைக்கிற இடத்துல நான் போட மாட்டேன்.

தென்னந்தோப்பு

ரொம்ப நன்றிங்கண்ணா. முன்பக்கம் வலையே போட்டுடறேன். மூணு சந்தேகம்: இடி மழையில மெஷின் தாங்குமா? வயர் அறுந்தா எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தெரு நாய் உள்ள வராம இது தடுக்குமா?

வேட்டைத்தடம்

தடுக்காது. பட்டை கட்டிய நாய்க்கு மட்டும்தான் வேலி. வெளி நாய் நுழைந்து கடித்தால் உங்கள் நாய் தப்பி ஓடவும் முடியாது. ரேபிஸ் தடுப்பூசி வருடா வருடம் தவறக் கூடாது. மலையடிவாரத்துக்காரர்கள் சிறுத்தையையும் நினைத்து ராத்திரி கூண்டில் அடைத்துவிடுங்கள்.

வயர்மேன்

700 அடி வயர் மண்ணுல கிடந்தா அதுவே பெரிய ஆன்டெனா, பக்கத்துல இடி விழுந்தாப் போதும். வளைய வயருக்குன்னு விக்கிற சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதுக்குத் தனி எர்த் ராடு அடிங்க. சித்திரை வைகாசி இடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் வயர் ரெண்டு முனையையும் அடாப்டரையும் கழற்றி வெச்சுட்டு நாயை உள்ள கட்டிடுங்க. டிரான்ஸ்மிட்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும். கரண்ட் போனா வேலி இல்ல, பட்டை பேட்டரி இறங்கினாலும் வேலி இல்ல. வாரம் ஒரு நாள் டெஸ்ட் பல்பைப் பட்டை முனையில வெச்சு எல்லையில நடந்து பாருங்க.

அறுந்தா டிரான்ஸ்மிட்டரே கூவும். வயர் முனைகளைக் கழற்றி மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க. 213 மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. 3 ஓம் அளவுலதான் காட்டணும். 20, 30 காட்டினா ஜாயின்ட்ல பச்சை பூத்திருக்கு, ஒண்ணுமே காட்டலேன்னா அறுந்திருக்கு. முதல்ல தாள்ல வரைஞ்ச ஜாயின்ட்டுகளைத் தோண்டிப் பாருங்க, அப்புறம் சமீபத்துல மம்பட்டி பட்ட இடம். அங்க இல்லேன்னா வளையத்தோட நடு ஜாயின்ட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு உதிரி வயரை முனைக்கு முனை மாட்டி அளங்க. கெட்ட பாதியை மறுபடி பாதியாக்கிக்கிட்டே போனா நாலாவது தடவையில 50 அடிக்குள்ள வந்துடும், அதுக்கப்புறம் தோண்டறது சுலபம்.