மறுமொழி: புரதத் துணைத்தீவனமா, நிரப்புதீவனமா?

குழுவினருக்கு வணக்கம். குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் வளரும் இறைச்சி மாடுகளைப் பற்றிய கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். காய்ந்த புல்லை மேயும் பசுக்களுக்குக் கொடுக்கும் புரதம் செறிந்த தீவனத்தைக் ‘கூடுதல் தீவனம்’ என்று எழுதியிருந்தேன், பதிப்பாசிரியர் ஏற்கவில்லை. வேறு எந்தச் சொல்லை இடலாம்?

மறுமொழி:

அவர் மறுத்தது சரியே. ‘கூடுதல்’ என்றால் வயிறு நிறைந்த பின்னும் கொடுப்பது என்று பொருள்படும். இங்கே நடப்பது வேறு. புல் முதிர்ந்து காய்ந்தபின் அதன் உலர்பொருளில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், முதல் இரைப்பையின் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜன் போதாமல் நார்ப்பொருள் மெதுவாகச் செரிக்கிறது. செரிக்காத புல் வயிற்றிலேயே தங்குவதால், எதிரே எவ்வளவு புல் இருந்தாலும் மாடு குறைவாகவே மேய்கிறது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ சோயாப் பிண்ணாக்கோ சிறிதளவு கொடுத்தால் அதே மாடு அதே புல்லை மிகுதியாக உண்ணும். மாவுச்சத்து மிகுந்த தானியத்தை நிறையக் கொடுத்தாலோ புல் உண்பது குறையும். ‘அடர்தீவனம்’ என்னும் பழகிய சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்பதால், குறையை நிரப்பும் இதற்குப் ‘புரத நிரப்புதீவனம்’ என்பதை முன்மொழிகிறேன். வினைத்தொகையாதலின் ஒற்று மிகாது. ஊறுகாயை எவரும் ‘ஊறுக்காய்’ என்பதில்லை.

மறுமொழி:

ஒற்று இருக்கட்டும் ஐயா, பொருளைப் பாருங்கள். 1048, 1049ஆம் குறள்களில் ‘நிரப்பு’ என்பது வறுமை. வறுமைத் தீவனத்தையா மாட்டுக்குக் கொடுக்கப் போகிறோம்? ‘தீவனம்’ என்பதன் பிறப்பிலும் எனக்கு ஐயம் உண்டு. ‘தின்’ என்னும் வேரில் பிறந்த ‘தீனி’ இருக்கையில் ‘புரதத் தீனி’ என்றே சொல்லலாமே.

மறுமொழி:

தீனி என்றால் மாடு தின்னும் எல்லாமும் அடங்கிவிடும். காய்ந்த புல்லும் தீனிதான். மாடு வளர்ப்போர் 1049ஆம் குறளை நினைத்துக்கொண்டு பிண்ணாக்கு வைப்பதில்லை என்றாலும், முதன்முறை படிப்பவருக்கும் விளங்குவது ‘புரதத் துணைத்தீவனம்’தான். நாள்தோறும் கொடுக்காமல், ஒரு வாரத்துக்கு உரியதை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் பயன் பெரிதாகக் குறைவதில்லை. ஏனெனில் உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் நைட்ரஜன் மீண்டும் இரைப்பைக்கே திரும்புகிறது. இப்படி அவ்வப்போது வந்து உதவுவதைத் துணை என்பதில் பிழையில்லை. குழுவில் நால்வர் இதையே ஆதரிப்பதால் கையேட்டில் இதையே இட்டுவிடுங்கள்.

மறுமொழி:

இடுங்கள். ஆனால் மாடு நக்கித் தின்னும் யூரியா சேர்த்த கட்டிகளுக்கும் இதே பெயரா? யூரியா புரதமன்று; நுண்ணுயிரிகள் அதன் நைட்ரஜனைக் கொண்டு தாமே புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. கையேட்டின் அடுத்த பிரிவு அதைப் பற்றியதே எனில், என் ‘நிரப்புதீவனம்’ அங்கேயாவது தேவைப்படும்.